நகராதது காரா, லீவரா?

ஆட்டோமாடிக் கியர் கார்களைப் பெண்மணிகள் பலர் விரும்பி ஓட்டுகிறார்கள். கிளச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துபோக வேண்டாம் அல்லவா? ஆனால் ஒரு நாள் காலையில், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் நேரத்தில், கியர் விழாமல் கார் அடம் பிடித்தால் வீடே கலங்கிவிடுகிறது. வந்து பார்ப்பவர், "கியர் பாக்ஸே போச்சும்மா!" என்று சொல்லிவிட்டால், போகப் போவது சில்லறைப் பணமா? அவர் வருவதற்குள் நீங்களே இரண்டொரு விஷயம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், லீவர் நகருகிறதா?

பார்க்கிங் நிலையிலிருந்து அது அசையவே இல்லையென்றால், அவசரப்பட்டுக் கியர் பாக்ஸின் மேல் பழி போடாதீர்கள். பிரேக்கை மிதித்தால்தான் லீவர் விடுபடும்படி ஒரு பூட்டு உண்டு. மிதித்த சேதியை அதற்குச் சொல்வது பெடலருகே இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். அநேகக் கார்களில் பின்புறத்துச் சிவப்பு விளக்கை ஏற்றுவதும் அதுவேதான். ஆகவே யாரையாவது பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்க்கச் சொல்லி, பிரேக்கை மிதியுங்கள். விளக்கு எரியவில்லையா? ஸ்விட்சோ ஃபியூஸோ போயிருக்கக்கூடும். செலவு அற்பம்.

லீவர் நகர்ந்தும் கார் நகராவிட்டால், டாஷ்போர்டைக் கவனியுங்கள். அங்கே எழுத்து மாறவில்லையென்றால் லீவரின் கேபிள் கழன்றிருக்கலாம். அதுவும் பெரிய வியாதியல்ல.

எழுத்து மாறுகிறது, என்ஜின் உறுமுகிறது, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் சுழலும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி, உள்ளே இருக்கும் கிளச்சுத் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் குறைந்தால் பிடி ஏது? கார் இரவில் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். எண்ணெய் சொட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அளவுகோல் வைத்த காரானால் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். புது எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அது கறுத்து, அடிப்பிடித்த குழம்பைப் போலத் தீய்ந்த வாடை அடித்தால் (இந்தப் பரீட்சையில் உங்கள் மூக்கைவிடத் தேர்ந்த கருவி ஏது!) தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. புது எண்ணெய் ஊற்றுவதால் மட்டும் அது குணமாகாது.

ரிவர்ஸில் போய், முன்னால் மட்டும் போகவில்லையென்றால், தட்டுகளில் ஒரு தொகுதி மாத்திரம் கெட்டிருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் நாட்டில் 2014-இல் செலேரியோவோடு வந்த ரகம் வேறு. அதில் இருப்பது சாதாரணக் கிளச்தான். காலுக்குப் பதில் ஒரு யந்திரம் அதை மிதிக்கிறது. ஆகையால் இந்த எண்ணெய்ப் பரீட்சை அதற்குச் செல்லாது.

எந்தக் காரானாலும், நகரவில்லையே என்று ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்க்காதீர்கள். திடீரென்று கியர் விழுந்தால் எதிரே இருக்கும் சுவர் உங்களுடையதாகவே இருக்கும்! கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது பம்பும் ஓடாது. சக்கரம் உருள உருள, எண்ணெய் கிடைக்காமல் கியர் பாக்ஸின் உள்ளே எல்லாம் அரைபடும். லாரியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.