பெற்றவள் மேல் விழும் கல்

2018 ஏப்ரலில் பாஜகவின் எச்.ராஜா, கனிமொழியின் பிறப்பைக் கொச்சைப்படுத்தி ட்விட்டரில் எழுதினார். 2021 மார்ச்சில் திமுகவின் ஆ.ராசா, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பிறப்பைப் பிரச்சார மேடையில் கொச்சைப்படுத்தினார். கொள்கையில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். ஆனால் கையில் எடுத்த கல் ஒன்றுதான்: முறையான உறவில் பிறந்தவரா, இல்லையா? குறி அரசியல் எதிரிக்கு. விழுந்தது அவரைப் பெற்றவள் மேல்.

இரு தலைவர்களின் அரசியல் வளர்ச்சியை ஒப்பிட்டு உவமையாகத்தான் சொன்னேன் என்று ஆ.ராசா விளக்கம் தந்தார். குறுக்குவழியில் பதவிக்கு வந்தவர் என்று சொல்லத் தமிழில் உவமைக்கா பஞ்சம்? பழனிசாமியின் தாய் இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. மன்னிப்பு முதல்வரிடம் கேட்கப்பட்டது. தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யக்கூடாது என்றது. எச்.ராஜாவுக்கு ஆறு மாதச் சிறை என்று நீதிமன்றம் சொல்ல 2024 டிசம்பர் ஆகிவிட்டது.

இது வாய் தவறி விழும் சொல் அல்ல. கூட்டம் கைதட்டும் என்று தெரிந்தே வீசப்படுவது. ஆணைக் கேவலப்படுத்த வேண்டுமா, அவன் வீட்டுப் பெண்ணின் கற்பை இழு. தெருச்சண்டையின் இந்த இலக்கணத்தைத்தான் மைக் பிடித்துப் பேசுகிறார்கள்.

பொன்முடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அமைச்சராக இருந்தபோது, கட்டணமில்லாப் பேருந்தில் போகும் பெண்களைப் பார்த்து ‘ஓசி’ என்றார். விடிகாலை பஸ்ஸில் பூக்கூடையோடும் சித்தாள் வேலைக்குச் சட்டியோடும் ஏறுகிறவள் காலமெல்லாம் வீட்டில் செய்யும் வேலைக்கு யார் கூலி கொடுத்தார்கள்? அவள் உழைப்பில் ஓசியில் வாழ்வது யார்? அந்தச் சொல்லுக்குப் பிறகும் அவர் அமைச்சராகத்தான் இருந்தார். 2025 ஏப்ரலில் பாலியல் தொழிலாளி ஒருவரையும் சைவ, வைணவக் குறிகளையும் இணைத்து மேடையில் ஆபாசக் கதை சொன்ன பிறகுதான் கட்சிப் பொறுப்பு போனது, மாத இறுதியில் பதவியும் போனது. நல்லது, போகட்டும். ஆனால் பட்டையும் நாமமும் புண்பட்டதைப் பற்றி எழுந்த கூச்சலில், அந்தக் கதையில் சிரிப்புப் பொருளாக்கப்பட்ட பெண்ணுக்காக எத்தனை பேர் வாய் திறந்தோம்?

எல்லாக் கட்சிகளிலும் மகளிர் அணி இருக்கிறது. கூட்டத்தில் முன்வரிசையும் கிடைக்கிறது. தோழிகளே, அடுத்த முறை மேடையிலிருந்து எதிர்க்கட்சிக்காரனின் தாயை இழுக்கும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போங்கள். பேசுகிறவர் உங்கள் தலைவராக இருந்தாலும்.