கல்லாப்பெட்டி யாருடையது?

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. செல்போனில் புதிதாக வரன் தேடப் போனவர்களுக்கு ஏமாற்றம்! சென்னைக் கம்பெனியான பாரத் மேட்ரிமோனியின் ஆப், கூகுள் பிளே ஸ்டோரில் இல்லை. கதைகளைக் குரலில் விற்கும் குக்கூ எஃப்.எம்.மையும் காணோம். கமிஷன் கட்டாததால் கடையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகே சில நாளில் திரும்ப வந்தன.

கடை போட்டவர் வாடகை கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கட்டும். கோயம்பேட்டில் காய் இறக்கினால் மண்டிக்காரர் கமிஷன் பிடிக்கத்தானே செய்கிறார்! ஆனால் அங்கே ஒரு மண்டி சரிப்படாவிட்டால் அடுத்த மண்டி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அடுத்த மண்டி பெயருக்குத்தான்.

கணக்கைப் பாருங்கள். அப்போது ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் விற்பனைக்கு 15 சதவீதம். அதற்கு மேல் 30. சரி, உங்கள் கல்லாவே வேண்டாம், பணத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றாலும் விட்டார்களா? வெறும் 4 சதவீதம் தள்ளுபடி! 15க்குப் பதில் 11, 30க்குப் பதில் 26. பணம் வாங்காத கல்லாவுக்கும் கப்பம்! இதைத்தான் நாம் அநியாயம் என்கிறோம்.

அதே போனில் பிரியாணி வரவழையுங்கள், ஆட்டோ கூப்பிடுங்கள், இந்தக் கமிஷன் கிடையாது. கதை கேட்டால், பாடம் படித்தால் உண்டு. கையில் தொட முடியாத சரக்கென்றால் அத்தனை இளக்காரமா? கதை எழுதினவர் பங்கிலும் கேட்கிறவர் பையிலும்தானே அந்தக் காசு போகிறது!

கூகுளின் சொந்த யூடியூபுக்கு மட்டும் வேறு நியாயம் என்று இந்தியப் போட்டி ஆணையமே 2022 அக்டோபரில் சொன்னது. 936 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. 2025 மார்ச்சில் அப்பீல் தீர்ப்பாயம் அதை சுமார் 217 கோடியாகக் குறைத்துவிட்டது. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனவர்களுக்கும் பலன் இல்லை. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விவகாரம் என்று 2023 ஆகஸ்டில் வழக்குகள் தள்ளுபடி ஆயின. 2024 ஜனவரியில் அப்பீலும் அப்படியே.

அங்கே போனால் இங்கே, இங்கே போனால் அங்கே! சின்னக் கம்பெனிக்காரர் எத்தனை வாசல் ஏறுவார்?

இதற்கென்று 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. 2025லும் அது சட்டமாகவில்லை. அதைத் தூசி தட்டி எடுக்கட்டும். சொந்தக் கல்லாவில் வாங்கும் பணத்துக்குக் கமிஷன் கூடாது, விசாரிக்காமல் ஆப்பைத் தூக்கக் கூடாது... இந்த இரண்டையும் முதலில் எழுதட்டும்.