மேன்மண்ணின் கணக்கு எங்கே?

நெய்வேலி என்றால் நமக்கு நெஞ்சு நிமிரும். 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே மின்சாரம் வந்தது. தென்னாற்காட்டு உழைப்பாளியின் வியர்வையில் எழுந்த ஊர் அது. அதன் பெருமையைக் குறைக்க நாம் எழுதவில்லை. எத்தனை டன் கரி, எத்தனை யூனிட் மின்சாரம் என்ற கணக்கெல்லாம் வருகிறது. மேன்மண் கணக்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

மேன்மண் என்பது ஏர் கீறும் ஆழந்தான். ஒரு முழங்கூட இராது. நிலத்தின் உயிர் அதில் இருக்கிறது. சம்பா அறுவடையோடு உழவன் உளுந்து விதைக்கிறானே, ஏன்? நடவுக்கு முன் கொளுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுகிறானே, ஏன்? காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனால் நெற்பயிர் அதை நேரே உண்ண முடியாது. உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றைப் பிடித்துத் தழைச்சத்தாக்குகின்றன. கூலி, செடி தரும் கொஞ்சம் சர்க்கரை. நம்மவர்களைப் போல் போனஸ் கேட்பதில்லை!

கதிரை நாம் உண்கிறோம். வைக்கோலை மாடு தின்கிறது. சாணம் எருவாகி வயலுக்கே திரும்புகிறது. மண்புழுவும் பூஞ்சையும் அதை மட்கவைத்துப் பயிருக்கு ஊட்டுகின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதியை வேறு சில நுண்ணுயிர்கள் மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடும். மணிச்சத்துக்கு அந்தக் காற்று வழி கிடையாது. பாறை கரைந்து துளித்துளியாகச் சேர்ந்தது அது. ஓர் அங்குல மேன்மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும்.

நிலக்கரியும் ஒரு காலத்தில் காடுதான். காற்றின் கரியமில வாயுவை உண்டு வளர்ந்த மரங்கள், மட்காமல் சேற்றில் புதைந்து, கோடி ஆண்டுகளுக்கு மேல் அடியில் கிடந்தன. அவற்றை நாம் சில பத்தாண்டுகளில் எரிக்கிறோம். கரி மீண்டும் கரியமில வாயுவாகிறது, கந்தகம் புகையோடு போகிறது, சாம்பல் மிஞ்சுகிறது.

1966-ல் அதே நெய்வேலியில் யூரியா ஆலையும் வந்தது. காற்றின் நைட்ரஜனை மனிதன் பிடித்து மூட்டையாகக் கட்டினான். நூறு கிலோவில் 46 கிலோ தழைச்சத்து! அந்த ஆலை இன்று இல்லை. இருந்திருந்தாலும் யூரியா மூட்டைக்குள் மண்புழு வராது.

கரியைத் தொட ஐம்பது மீட்டருக்கும் மேலே தோண்ட வேண்டும். ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். இந்த மலையளவு மணலோடும் களிமண்ணோடும் ஒரு முழ உயிர்மண் கலந்துவிட்டால் தேடி எடுக்க முடியுமா? தனியே சுரண்டி வைத்தாலும், உயரக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டால் உள்ளே காற்றின்றி நுண்ணுயிர்கள் மடியும்.

தோண்டிய குழியை மூடுகிறார்கள், மரம் நடுகிறார்கள், பாராட்டுகிறோம். ஆனால் மரம் நிற்பது வேறு, நெல் விளைவது வேறு. நிலக்கரியிலிருந்தே மண்ணுக்கு உதவும் ஹியூமிக் அமிலத்தை எடுத்துக் காட்டியவர்கள் நெய்வேலி ஆய்வாளர்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை. (தெருமுனையில் சருகைக் கொளுத்தும் நம் டவுன்ஷிப் வழக்கமும் நல்லதில்லை. அதுவும் எருதான், தோழர்களே!)

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிர்மீது எந்திரம் ஏறியதை நாடே பார்த்தது. இழப்பீட்டுத் தொகைபற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த வயலின் மண் எங்கே போகும் என்று கேட்டவர் எத்தனை பேர்?

எடுத்த நிலம் எத்தனை ஏக்கர், தனியே காத்து வைத்த மேன்மண் எவ்வளவு, அது எந்த மேட்டில் எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது, மீண்டும் நெல்லோ உளுந்தோ விளையும் நிலமாகத் திரும்பியது எத்தனை ஏக்கர்? இந்த நாலு கேள்விக்கும் விடையை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, நிலம் கொடுத்த ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையிலும், சுரங்க வாயிலிலும் நிர்வாகம் ஒட்ட வேண்டும். முதல் கணக்கை அடுத்த சம்பா நடவுக்கு முன்பே எதிர்பார்க்கிறோம்.