எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிட வேண்டுமா?

"காலையில ஒரு மணி நேரம் நடந்தேன். 300 கலோரி எரிஞ்சிருக்குன்னு வாட்ச் காட்டுது. நான் ஒரு நாளைக்குச் சாப்பிடுறதே 900 கலோரிதான். அப்போ உடம்புக்கு மிஞ்சுறது வெறும் 600தானா? இன்னும் கொஞ்சம் சாப்பிடணுமா?"

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, காயம் ஆறி, நடைப்பயிற்சிக்கோ ஜிம்முக்கோ போகத் தொடங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கணக்கைத் தொடங்கும் இடம் தவறு. கவலைப்பட வேண்டியது அந்த 300 கலோரியைப் பற்றி அல்ல.

புதுச்சேரிக்கு இதில் என்ன அக்கறை?

நிறையவே இருக்கிறது. 2023 ஜூன் மாதம் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, நாட்டிலேயே உடல் பருமன் அதிகம் உள்ள இடம் புதுச்சேரி. 20 வயதைத் தாண்டியவர்களில் 53.3 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25-ஐத் தொட்டிருந்தது அல்லது தாண்டியிருந்தது. தொப்பைப் பருமன் 61.2 சதவீதம். சர்க்கரை நோயில் 26.4 சதவீதத்துடன் கோவா முதலிடம், 26.3 சதவீதத்துடன் புதுச்சேரி அதன் முதுகிலேயே நிற்கிறது. தவளக்குப்பம் சந்திப்பில் டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால், அதில் ஒருவருக்குச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சைக்கான அளவுகோலும் தளர்ந்திருக்கிறது. 2022-ல் சர்வதேச, அமெரிக்க பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ஐத் தாண்டினாலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. இங்கே ஜிப்மரில் செய்கிறார்கள். சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னை தனியார் மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சையின்போது உயிரிழந்தார். தமிழ்நாடு சுகாதாரத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. அப்போது எல்லோரும் பேசியது ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் சிகிச்சை முடிந்து நல்லபடியாக வீடு திரும்புகிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. அவர்களுக்கு அடுத்த இரண்டு வருடங்களில் என்ன நடக்கிறது என்பது செய்தியாவதே இல்லை.

வயிற்றில் என்ன மாறுகிறது?

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டிலும் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்களும் மாறுகின்றன. அதனால்தான் முதல் சில மாதங்கள் பசியே தெரிவதில்லை.

ஆரம்ப வாரங்களில் திரவ உணவு மட்டுமே. ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் உள்ளே போகும். ஆறு மாதத்தில் 1,000 கலோரியை ஒட்டி வரும், ஒரு வருடம் தாண்டும்போது பலருக்கு 1,200-க்கு மேல் போகும். ஆளுக்கு ஆள், சிகிச்சைக்குச் சிகிச்சை இது மாறும்.

கொழுப்புக்குக் கிடங்கு உண்டு, புரதத்துக்கு இல்லை

இப்போது அந்த 300 கலோரிக்கு வருவோம். 110 கிலோ எடையுள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தேவைக்கு மேல் அவர் உடம்பில் 30 கிலோ கொழுப்பு இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. 30 கிலோவுக்கு 2,31,000 கலோரி. அவருக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி தேவைப்படுகிறது, வாய் வழியாக 900 வருகிறது என்றால், மீதி 1,300-ஐ உடம்பு இந்தக் கிடங்கிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. சிகிச்சையின் நோக்கமே அதுதானே! காலையில் நடந்ததற்கு இன்னொரு 300 எடுத்தால் கிடங்கு காலியாகிவிடாது. அதனால் எடை இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில், நடந்ததை ஈடுகட்டக் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோலப் புரதத்தைச் சேமித்து வைக்க உடம்பில் தனி இடம் கிடையாது. சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்றால், உடம்பு கை வைப்பது தசையில். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வருடத்தில் தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத எடையில் சராசரியாக 8 கிலோவுக்கு மேல் குறைகிறது என்று கணக்கிட்டது. குறையும் மொத்த எடையில் இது ஐந்தில் ஒரு பங்கு. அந்த இழப்பில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. அதாவது, எடை மெஷினைப் பார்த்து வீடே கைதட்டிக்கொண்டிருக்கும் அதே மூன்று மாதத்தில்.

தசை போனால் என்ன என்று கேட்கலாம். சர்க்கரையை ரத்தத்திலிருந்து அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். மாடிப்படி ஏறுவதும் அதனால்தான். அது குறையக் குறைய, சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. பிறகு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் எடை ஏறும்.

பட்டினியும் வெறித்தனமான பயிற்சியும் சேர்ந்தால்?

அமெரிக்காவில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற டிவி போட்டி இருந்தது. குறைவாகச் சாப்பிட்டு, நாளெல்லாம் உடற்பயிற்சி செய்து, யார் அதிக எடை குறைக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. குறைத்த எடையில் பெரும்பகுதி பலருக்கும் திரும்பியிருந்தது. அதைவிட அதிர்ச்சி, ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 குறைவாக இருந்தது. இவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இல்லை. பேரியாட்ரிக் நோயாளிகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 800 கலோரி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் டிரெட்மில்லில் ஓடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்போ என்ன சாப்பிடுவது?

முதல் இலக்கு புரதம். சிகிச்சைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 கிராம் வரை என்பது வழக்கமான பரிந்துரை. நம் சாப்பாட்டில் இது சாதாரண விஷயமில்லை. ஒரு இட்லியில் 2 கிராம் புரதம்தான். நாலு இட்லி சாப்பிட்டால் 8 கிராம். சிகிச்சைக்குப் பின் நாலு இட்லிக்கு வயிற்றில் இடமும் இருக்காது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், பனீரில் 18 கிராம். தவளக்குப்பத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, பக்கத்திலேயே நல்லவாடு கடற்கரை. குழம்பில் கிடக்கும் இரண்டு துண்டு மீனை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சோறு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 60 கிராமை எட்டுவது உண்மையிலேயே கஷ்டம். புரோட்டீன் பவுடர் தேவைப்படலாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இன்னொரு பொறி உண்டு. ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றில் ஐஸ்கிரீம், மில்க் ஷேக், மிக்ஸர், முறுக்கு எல்லாம் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். கலோரி ஏறும், வயிறு நிறைந்ததே தெரியாது.

உடற்பயிற்சியை எப்போது, எப்படித் தொடங்குவது?

நடப்பதை ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ மருத்துவமனையிலேயே தொடங்கிவிடுவார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். வீட்டுக்கு வந்த பிறகு பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்குச் சில தடவை. கனமான எதையும் தூக்குவது பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்குக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எல்லாம் இதில் சேர்த்தி. அதற்குப் பிறகு வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, பழகப் பழக 300 நிமிடம், கூடவே வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி என்பது சர்வதேச வழிகாட்டுதல். நம்மூரில் நடையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். தசையைக் காப்பாற்றுவதில் நடையைவிட டம்பெல்லுக்கும், ரப்பர் பேண்டுக்கும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கும்தான் பலன் அதிகம்.

நடப்பதும் எங்கே என்பது ஒரு கேள்வி. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனம் இல்லாத பீச் ரோடு நகரத்துக்காரர்களுக்கு. கடலூர் சாலையில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் தவளக்குப்பத்தில் ஓரமாக நடப்பதே சாகசம். உள் தெருக்கள்தான் வழி. நம் கடலோரப் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்க முடியாது. நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் விட வேண்டும்.

தலைசுற்றல் வந்தால் 'கலோரி பத்தல' என்று குளுக்கோஸ் கலக்கிக் குடிப்பதுதான் நம் வழக்கம். பைபாஸ் செய்தவர்களுக்கு அது வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, வியர்வை என்று திருப்பி அடிக்கும். சிலருக்கு ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை கீழே இறங்கும். பெரும்பாலும் காரணம் தண்ணீர்க் குறைவு, ரத்தசோகை, அல்லது எடை இறங்கிய பிறகும் குறைக்கப்படாத பழைய பிரஷர், சுகர் மாத்திரை. தொடர்ந்து வாந்தி இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. தயமின் என்ற வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்து, நரம்பையும் மூளையையும் பாதிக்கலாம்.

சர்க்கரைக்காக இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்தால் உடனே அதைச் சரிசெய்தாக வேண்டும். எப்படி என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு கணக்கு மாறுமா?

மாறும். 12 முதல் 18 மாதத்தில் எடை ஓரிடத்தில் நிற்கத் தொடங்கும். கிடங்கு காலியாகிக்கொண்டிருக்கும். அப்போது தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர், பயிற்சிக்கேற்பச் சாப்பிடத்தான் வேண்டும். களைப்பு தீராமல் இருப்பது, தூக்கிய எடையைத் தூக்க முடியாமல் போவது, இலக்கைத் தாண்டியும் எடை இறங்குவது எல்லாம் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளம். அப்போதும் கூட்ட வேண்டியது புரதத்தையும் கொஞ்சம் மாவுச்சத்தையும்.

எவ்வளவு கூட்டுவது என்பதற்கு வாட்சை நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகக் காட்டின. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு 'இன்னிக்கு ஒரு பரோட்டா சாப்பிடலாம்' என்று முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு மதுவைச் சொல்லாமல் விட முடியாது. சிகிச்சைக்குப் பின் மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. பழைய அளவில் பாதி குடித்தாலே போதை. பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாவது வருடத்தில் குடிப்பழக்கச் சிக்கல் அதிகரித்ததை 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கலோரி விஷயம் அதற்கு அடுத்துதான்.

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகளைப் போடுகிறவர்களுக்கும் தசைக் கணக்கு இதேதான்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் என்ன கேட்க வேண்டும்?

உணவியல் நிபுணரை எத்தனை முறை பார்க்கலாம், அது பேக்கேஜில் அடங்குமா, பி12, இரும்பு, வைட்டமின் டி பரிசோதனை எந்த மாதங்களில் செய்ய வேண்டும், சத்து மாத்திரை எத்தனை காலம். கடைசிக் கேள்விக்குப் பதில் 'வாழ்நாள் முழுக்க' என்றுதான் வரும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காயம் ஆறிய பிறகு மாதம் ஒரு முறை, எடைக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். எடை இறங்கும்போது இந்த நேரமும் குறைய வேண்டும். எடை இறங்கியும் நேரம் கூடிக்கொண்டே போனால், அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காமல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.