ஒரு மணித்தியாலப் பயணமும் ஒன்றரை நாள் கடையடைப்பும்

மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் பக்கம் சரக்குப் பார்க்கப் போகும் வியாபாரியிடம் பயண முகவர் சொல்லும் முதல் வார்த்தை, "மதுரைக்கு ஒரு மணித்தியாலம்தான் ஹாஜியார்" என்பது. பொய்யில்லை. கட்டுநாயக்கவில் எழும்பும் விமானம் அந்த நேரத்தில் மதுரையில் இறங்கிவிடும். ஆனால் நாம் கட்டுநாயக்கவில் கடை வைத்திருக்கவில்லையே!

கடந்த முறை நான் கணக்கெழுதிப் பார்த்தேன். மன்னாரிலிருந்து விமான நிலையத்துக்கு வேனில் 6 மணித்தியாலம். அங்கே காத்திருப்பு 3. பறப்பது 1. இறங்கிய பின் குடிவரவும் சுங்கமும் 1. மதுரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய 170 கிலோ மீற்றர், 4 மணித்தியாலம். ஆக 15. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் 30 கிலோ மீற்றர் சொச்சம்தான்! போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் கடை பூட்டு. வேன் கூலியும் தங்குமிடச் செலவும் வேறு. டிக்கட் விலையை மட்டும் பார்த்து இலாபக் கணக்குப் போடுபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

எமது வாப்பாமார் இப்படி அலையவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கட்டில் கொழும்புக் கோட்டை வரை வரலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. யுத்தம்தான் 1980களில் அதை நிறுத்தியது. "இராமானுஜம்" கப்பலில் வாப்பா கொண்டுவந்த கைலி மூட்டையை அவிழ்க்கும்போது வந்த புதுத்துணி வாசம் இன்னும் எனக்கு ஞாபகம்.

பலாலி இருக்கிறதே என்பார்கள். உண்மை. 2019இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கலாம். 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. மன்னாரிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் பலாலிக்கு மூன்று மணித்தியாலம் அளவில் போய்விடலாம். திருச்சியில் வேலை உள்ளவர் கொழும்பை மறந்துவிடுவதே புத்தி. ஆனால் விமானம் அனுமதிக்கும் சில கிலோ பொதியில் புடைவை வியாபாரம் நடக்குமா?

கப்பலுக்கும் ஆட்கள் முயன்றார்கள். 2011இல் கொழும்பு – தூத்துக்குடிக் கப்பல் சில மாதங்களில் நின்றது. ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடக்கும் நீண்ட பாதை அது. நாகபட்டினம் – காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. அங்கே கடல் 110 கிலோ மீற்றர். எங்கள் கடல் அதில் மூன்றிலொரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இராமர் அணைப் பக்கம் ஆழம் குறைவு, வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பது தெரிந்ததே. பெரிய கப்பல் யார் கேட்டார்கள்? ஆழம் குறைந்த கடலில் ஓடும் சிறு கப்பல், வாடையில் நிறுத்திவிட்டு மற்ற மாதங்களில் ஓடினாலே போதும். பாலம் கட்டப்போகிறோம் என்ற பேச்சை நான் பல தடவை கேட்டுவிட்டேன், அதில் எனக்கு ஆர்வமில்லை. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் தண்ணீர் மட்டுமே மிச்சம்.

எமது வர்த்தக சங்கங்கள் மகஜர் கொடுக்கும்போது பழைய பெருமையை எழுதாமல் இந்தக் கணக்கை எழுதட்டும். அடுத்த பயணத்தில் வீட்டு வாசலிலிருந்து போன இடத்து வாசல் வரை எத்தனை மணித்தியாலம், எத்தனை ரூபா, எத்தனை நாள் கடை பூட்டு என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டில் குறித்து சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். என்னுடையதை நான் கொடுத்துவிட்டேன்.