ஐந்தாவது காற்று

தமிழர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். மேலிருந்து கீழே விழும் காற்றுக்கு இந்த நான்கில் இடமில்லை. விமானத்தை வீழ்த்த வல்லது அந்த ஐந்தாவது காற்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட நிலங்கள் அதற்கு ஏற்ற களம். கோடை மாலையில் வானம் கறுக்கும். தொலைவில் மழைத்தாரை தொங்குவது தெரியும். ஒரு துளியும் மண்ணைத் தொடாது. புழுதியை வாரிக்கொண்டு குளிர்காற்று மட்டும் வந்து சேரும். துளிகள் வழியிலேயே ஆவியாக, வெப்பமிழந்த காற்று கனத்துக் கீழிறங்கித் தரையில் மோதி நாற்புறமும் சிதறுகிறது. சம்சாரிக்கு அது ஏமாற்றம். தரையிறங்கும் விமானிக்குப் பொறி. முதலில் எதிர்காற்று விமானத்தைத் தூக்கும். அவர் விசையைக் குறைப்பார். சில நொடிகளில் அதே காற்று பின்காற்றாகும். தூக்குவிசை சரியும், மீள்வதற்கு உயரம் இராது.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் ஈஸ்டர்ன் நிறுவன விமானம் இப்படித்தான் விழுந்து 113 பேர் மாண்டனர். 1945இல் அணுகுண்டு அழிவுகளை நேரில் ஆராய்ந்திருந்த ஃபுஜிடா, அவ்விபத்துக்கு வீழ்காற்றே காரணம் என்றார். வானிலையாளர் பலர் ஐயுற்றனர். 1978இல் சிகாகோ அருகே நடந்த ரேடார் ஆய்வு அவர் கூற்றை மெய்ப்பித்தது. ஆயினும் 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் மேலும் 137 உயிர்கள் போயின. அங்கே காற்றுமானி வரிசை இருந்தும் எச்சரிக்கை உரிய நேரத்தில் எழவில்லை.

ஓரிடத்துக் காற்றை மட்டும் அளப்பது போதாது. இடத்துக்கு இடம் அது எவ்வளவு மாறுகிறது என்பதே அளக்கப்பட வேண்டும். டாப்ளர் ரேடாருக்கு மழைத்துளி வேண்டும். வறண்ட வீழ்காற்றில் துளி குறைவு. லேசர் ஒளியால் அளக்கும் லிடாருக்கோ காற்றில் மிதக்கும் தூசே சாட்சி. ஹாங்காங் விமான நிலையம் 2002இலேயே அதை நிறுவியது. எந்த ஒரு கருவியும் தனித்து முழுமையன்று, சேர்ந்தே பயன்தரும்.

அருப்புக்கோட்டைச் சாலையில், பெருங்குடி அருகே இருக்கிறது மதுரை விமான நிலையம். அதன் ஓடுதளத்தின் நீளத்தையும் நிலையத்தின் தகுதியையும் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். ஓடுதளத்தின் மேல் காற்று எப்படி அளக்கப்படுகிறது என்று எவரும் கேட்பதில்லை. நீளம் கண்ணுக்குத் தெரியும், விழாவுக்கு உதவும், கருவி அப்படியல்ல. மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்ந்த மண் இது. இந்தக் கேள்வியை முதலில் எழுப்பும் தகுதி இதற்கு உண்டு.