தொட்டியடி ஒன்றா, இரண்டா?

விசுவமடுவில் வந்து தொட்டியடி எங்க எண்டு கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். உலாவியிட்ட கேட்டால், "எந்தத் தொட்டியடி?" என்கிற மாதிரி முழிக்கும்.

காரணம் 'தொ'. யுனிகோடில் அதை இரண்டு விதமாகப் பதியலாம். 'த' எழுத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பு ஒன்று, அரவு ஒன்று எனத் துண்டாகவும் சேர்க்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம் என்று யுனிகோடே சொல்கிறது. ஆனால் உலாவிக்குள் தரவு சேமிக்கும் இன்டெக்ஸ்டு டிபி, 2015இல் டபிள்யூ3சி பரிந்துரைத்த தரநிலை, பெயர்களையும் தேடும் சாவிகளையும் 16 பிட் எண்களாகத்தான் ஒப்பிடுகிறது. எண் மாறினால் ஆளே வேறு. கொக்கிளாய்க்கும் இதே கதிதான்.

விதி தாராளமானதுதான். எந்த மொழியிலும் பெயர் வைக்கலாம், வெற்றுப் பெயரும் செல்லும். ஆனால் அந்தத் தாராளத்தின் விலையை ஆங்கிலத்தில் எழுதுபவர் கட்டுவதில்லை, நாங்கள் கட்டுகிறோம்.

இப்ப விதியை மாற்றினால் ஏற்கெனவே சேமித்தவை குழம்பும் என்பார்கள். நியாயம். அப்படியெண்டால் எங்கட ஆக்களையே கேட்கிறோம்: தமிழ்ச் செயலி செய்கிறவர்களே, சேமிக்க முதலும் தேட முதலும் சொல்லை 'நார்மலைஸ்' செய்ய ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி போதும். ஏன் போடுவதில்லை?

பாமினியில் அடித்த பழைய பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றும்போது, மாற்றியைப் பொறுத்து, இந்தத் துண்டுக் குறிகள் வந்துவிடும். பிறகு தேடினால் "பதிவு இல்லை".

2009இல் விட்டுப்போய், திரும்பி வந்து குடியேறிய ஊர் இது. "பதிவு இல்லை" எண்ட பதிலை இனியும் கேட்க எங்களுக்கு ஏலாது.